பீடியை விட்ட பிறகு இருமலும் இரைப்பும் கூடியது ஏன்?

வாசகர் கேள்வி: எனக்கு 51 வயது, ஊர் புளியரை பக்கம். லாரி ஓட்டுகிறேன். பாவூர்சத்திரத்தில் காய்கறி லோடு ஏற்றி ஆரியங்காவு வழியாகப் புனலூர், கொட்டாரக்கரை போய் வருவது. 28 வருடமாக ஒரு நாளைக்கு ஒன்றரைக் கட்டு பீடி. சித்திரை ஒன்றாம் தேதி நிறுத்தினேன், பத்து வாரம் ஆகிறது, ஒன்றுகூடத் தொடவில்லை. ஆனால் குடிக்கும்போது இல்லாத இருமல் இப்போது இருக்கிறது. ஆரம்பத்தில் காலையில் கறுப்பாகச் சளி வந்தது, இப்போது வெளுத்திருக்கிறது. தார்ப்பாய் கட்ட வண்டி மேலே ஏறினால் மூச்சு வாங்குகிறது. ராத்திரி சில நாள் நெஞ்சை அமுக்குகிறது, படபடப்பாக இருக்கிறது, தூக்கமும் இல்லை. முன்பு ஒரு டாக்டர் எழுதித் தந்த தியோபிலின் கலந்த வீசிங் மாத்திரையை மெடிக்கலில் வாங்கித் தொடர்ந்து போடுகிறேன். "திடீர்னு விட்டா அப்படித்தான், ஒண்ணு ரெண்டு குடிச்சு மெதுவா விடு" என்கிறார்கள் கூட்டாளிகள். மனைவி வீட்டில் பீடி சுற்றுகிறாள், அவளுக்கும் இருமல் உண்டு. நுரையீரல் பழையபடி ஆகுமா? இன்ஹேலர் எடுத்தால் பழகிவிடும் என்கிறார்களே, உண்மையா?

பதில்:

அண்ணாச்சி, நீங்கள் கேட்ட வரிசையில் பதில் சொல்லப் போவதில்லை. கடிதத்தின் நடுவில் போகிற போக்கில் எழுதிவிட்டுப் போன ஒரு வரியிலிருந்து தொடங்குகிறேன். ராத்திரி நெஞ்சை அமுக்குகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். 51 வயது, 28 வருடப் பீடி, பாதி ராத்திரி ஓட்டம், அதோடு நெஞ்சில் அமுக்கம் என்றால் அதை நுரையீரல் கணக்கில் எழுத எனக்கு மனசு வராது, இதயத்தில் ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகுதான் மற்ற பேச்செல்லாம். அடுத்த லோடு ஏற்றும் முன் ஒரு ஈசிஜி எடுத்துவிடுங்கள். செங்கோட்டை, தென்காசி அரசு மருத்துவமனை இரண்டிலும் எடுக்கலாம். அப்படியே பிரஷரும் சுகரும் பார்த்துவிடுங்கள். சும்மா இருக்கும்போது எடுத்த ஈசிஜி நன்றாக இருந்தாலும், ஏறும்போது அமுக்குகிறது, நின்றால் விட்டுவிடுகிறது என்றால் அதை டாக்டரிடம் தனியாகச் சொல்லுங்கள், வேறு பரிசோதனை தேவைப்படும். ஓட்டத்தின் நடுவே அமுக்கம் வந்து கை, தாடை, முதுகு என்று பரவினாலோ, குப்பென்று வியர்த்தாலோ வண்டியை ஓரம் கட்டி 108-க்குப் போன் போடுங்கள். மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அந்த நம்பர் ஒன்றுதான். "எப்படியாவது வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கலாம்" என்று வளைவுகளில் வண்டியை இறக்கிக்கொண்டு வந்த டிரைவர்களை நான் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

சரி, ஈசிஜி நன்றாக இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்போது என் சந்தேகம் முதலில் போவது அந்த மாத்திரை மேல்.

தியோபிலினை உடம்பிலிருந்து கழிப்பது கல்லீரலில் இருக்கிற ஒரு நொதி. பீடிப் புகையில், சிகரெட் புகையில் இருக்கிற கரிச்சேர்மங்கள் அந்த நொதியை முடுக்கிவிடும், அதனால் புகைக்கிறவருக்கு மாத்திரை சீக்கிரம் கரைந்து போகும், டாக்டரும் அதற்கேற்ற அளவில் எழுதியிருப்பார். புகையை நிறுத்திய ஒரு வாரத்திலேயே நொதியின் வேகம் இறங்கிவிடும். மாத்திரை அதேதான், எண்ணிக்கை அதேதான், ஆனால் ரத்தத்தில் அதன் அளவு ஏறிக்கொண்டே போகும். ஏறினால் என்ன செய்யும்? படபடப்பு, கை நடுக்கம், குமட்டல், தூக்கமின்மை, ரொம்ப ஏறினால் இதயத் துடிப்பு தாறுமாறாகும், வலிப்புகூட வரும். உங்கள் ராத்திரிப் படபடப்பைப் படித்தவுடன் எனக்கு நினைவுக்கு வந்தது இதுதான். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், நீங்களாகப் போட்டுக்கொண்டே இருக்கவும் வேண்டாம். நாளைக்கே ஒரு டாக்டரிடம் அந்த அட்டையைக் காட்டி, "சித்திரையில பீடியை விட்டுட்டேன், இந்த அளவு சரியா?" என்று கேளுங்கள். பீடியை விட்டதை மருந்து எழுதுகிறவரிடம் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. மெடிக்கலில் பழைய சீட்டைக் காட்டி வாங்கிக்கொண்டே இருப்பதில் இருக்கிற ஆபத்தும் இதுதான்.

டீக்கும் இதே கதை. டீ, காபியில் இருக்கிற கஃபீனையும் கழிப்பது அதே நொதிதான். பீடியை விட்டவருக்கு அதே எண்ணிக்கை டீ குடித்தாலும் ரத்தத்தில் கஃபீன் ஏறக்குறைய இரண்டு மடங்காக நிற்கும். ராத்திரி ஓட்டத்துக்குப் போகிறவர் எத்தனை டீ குடிப்பார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பீடி கைக்கு வராத நேரத்தில் இன்னொரு டீ என்று கூடியும் இருக்கும். இப்போது குடிப்பதில் பாதியாகக் குறையுங்கள், சாயங்காலத்துக்கு மேல் சுக்குமல்லிக் காபிக்கு மாறுங்கள். ஒரு வாரத்தில் தூக்கத்தில் வித்தியாசம் தெரியும்.

இனி கூட்டாளிகள் சொன்னதற்கு வருகிறேன், அவர்கள் பேச்சுதான் உங்களை மறுபடி பீடிக்குள் தள்ளும் என்று பயப்படுகிறேன். திடீரென்று விட்டால் உடம்பு தாங்காது என்பது உண்மையில்லை. நிகோடின் உடம்பில் பாதியாகக் குறைய சுமார் இரண்டு மணி நேரம் போதும். அது இல்லாமல் வரும் எரிச்சல், பரபரப்பு, நெஞ்சு இறுக்கம், மூச்சு போதாத மாதிரித் தோன்றுவது, மலச்சிக்கல் எல்லாம் முதல் வாரத்தில் உச்சத்துக்குப் போய் மூன்று நான்கு வாரத்தில் அடங்கிவிடும். நீங்கள் பத்து வாரம் தாண்டிவிட்டீர்கள். இன்றைக்கு உங்களுக்கு இருக்கிற இரைப்பை விட்டதன் தலையில் கட்ட முடியாது. 2016-இல் இங்கிலாந்தில் 697 பேரை வைத்துச் செய்த ஓர் ஆய்வு வெளியானது. பாதிப் பேர் ஒரே நாளில் விட்டார்கள், மீதிப் பேர் இரண்டு வாரம் படிப்படியாகக் குறைத்துப் பிறகு விட்டார்கள். நான்கு வாரம் கழித்துப் பார்த்தபோது ஒரேயடியாக விட்டவர்களில் 49 சதவீதம் பேர் தாக்குப்பிடித்திருந்தார்கள், குறைத்து விட்டவர்களில் 39 சதவீதம்தான். நீங்கள் செய்ததுதான் சரியான வழி. இப்போது "ஒண்ணே ஒண்ணு" என்று தொடங்கினால் அது ஒன்றரைக் கட்டுக்குப் போய்ச் சேர ரொம்ப நாள் ஆகாது.

அப்படியானால் இருமல் ஏன் கூடியது? மூச்சுக்குழாயின் உள்பக்கம் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய மயிரிழைகள் உண்டு. அவை இடைவிடாமல் அசைந்து தூசியையும் சளியையும் தொண்டைப் பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கும், நமக்குத் தெரியாமலேயே விழுங்கிவிடுவோம். பீடிப் புகை இந்த இழைகளை மரத்துப்போக வைக்கும், குட்டையாக்கும், பல இடங்களில் இல்லாமலே செய்துவிடும். அதோடு இருமலைத் தூண்டுகிற நரம்புகளும் மந்தமாகிவிடும். அதனால்தான் குடிக்கிற காலத்தில் உங்களுக்கு இருமல் பெரிதாகத் தெரியவில்லை. சளி உள்ளேதான் கிடந்தது. விட்ட இரண்டு வாரத்திலேயே இருமல் உணர்வு திரும்பத் தொடங்குகிறது, இழைகள் மெல்ல முளைத்து வேலைக்கு வருகின்றன, வருடக்கணக்காகத் தேங்கியது கறுப்பும் பழுப்புமாக மேலே வருகிறது. உங்கள் சளி கறுப்பிலிருந்து வெளுத்து வந்திருக்கிறதே, அது எனக்குப் பிடித்த செய்தி. இந்த இருமல் சிலருக்குச் சில வாரத்தில் போய்விடும், சிலருக்கு மாதக்கணக்கில் இழுக்கும். உலக சுகாதார நிறுவனம் ஒன்று முதல் ஒன்பது மாதத்துக்குள் இருமலும் மூச்சு வாங்குவதும் குறையும் என்று சொல்கிறது, நான் பார்க்கிற நோயாளிகளிடமும் அப்படித்தான்.

பீடியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும், ஏனென்றால் "நான் சிகரெட் குடிக்கல டாக்டர், பீடிதான்" என்று அது ஏதோ லேசான சாமான் மாதிரிச் சொல்கிறவர்கள் நம் பக்கம் நிறைய. பீடி இலைக்குள் காற்று எளிதில் புகாது, விட்டு விட்டு இழுத்தால் அணைந்துவிடும், அதனால் அடிக்கடியும் ஆழமாகவும் இழுக்க வேண்டியிருக்கிறது. உள்ளே இருக்கிற தூள் குறைவுதான், ஆனால் புகையில் தாரும் கார்பன் மோனாக்ஸைடும் சிகரெட்டைவிட அதிகமாக உள்ளே போகிறது. உங்கள் 28 வருடத்தை அந்தக் கண்ணோடுதான் நான் பார்க்கிறேன்.

ஆனால் எல்லா இருமலையும் "விட்டதால் வருகிற சளி" என்று தள்ளிவிடவும் கூடாது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனை செய்துவிட வேண்டும், இது நம் நாட்டில் எல்லோருக்கும் பொருந்துகிற விதி, புகைத்தவர்களுக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மடங்குக்கு மேல் என்பதால் உங்களுக்குக் கூடுதலாகப் பொருந்தும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே ஏற்பாடு செய்துவிடுவார்கள். சளியில் ரத்தம் ஒரு கோடு வந்தால்கூட அன்றைக்கே போய்க் காட்டுங்கள். சாயங்காலக் காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, குரல் கம்மி மூன்று வாரம் ஆகியும் சரியாகாமல் இருப்பது, கால் வீக்கம், படுத்தால் மூச்சு முட்டி எழுந்து உட்கார வேண்டியிருப்பது, இதில் எது இருந்தாலும் தள்ளிப்போடாதீர்கள்.

காலத்தையும் கணக்கில் எடுங்கள். நீங்கள் விட்டது சித்திரை வெயிலில், இரைப்பு கூடியதாக எழுதுவது ஆனி பிறந்த பிறகு. ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் குளிர்ந்த காற்றும் சாரலும் புளியரையில்தான் முதலில் வந்து விழுகிறது. குற்றாலத்துக்கு வருகிறவர்களுக்கு அது சீசன், புண்பட்ட மூச்சுக்குழாய்க்கு அது சோதனை. ஈரக்காற்றும், சுவரில் பூக்கிற பூஞ்சையும், கூடவே பரவுகிற வைரஸ் காய்ச்சலும் சேர்ந்து என் வாசலில் வருடா வருடம் இந்த மாதங்களில்தான் கூட்டம் கூடும், அதில் வாழ்நாளில் பீடியைத் தொடாதவர்களும் உண்டு. அதனால் நீங்கள் படுகிற பாட்டில் ஒரு பங்கு சாரலுடையது. ராத்திரி ஓட்டத்தில் கண்ணாடியை ஏற்றிவிட்டு, மூக்கையும் வாயையும் மூடித் துண்டு கட்டிக்கொள்ளுங்கள். ஃப்ளூ தடுப்பூசி வருடத்துக்கு ஒன்று, நிமோனியாத் தடுப்பூசி டாக்டரிடம் கேட்டு ஒன்று போட்டுக்கொள்வது நல்லது.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். தார்ப்பாய் கட்ட மேலே ஏறினால் மூச்சு வாங்குகிறதே, அது பத்து வாரத்தில் வந்ததாக நான் நம்பவில்லை. முன்பே இருந்திருக்கும், ஏறி முடித்ததும் ஒரு பீடியைப் பற்றவைத்து உட்கார்ந்துவிடுவீர்கள், அந்த நேரத்து நிகோடின் தருகிற ஆசுவாசத்தில் மூச்சு வாங்கியது மனசில் பதிந்திருக்காது. அல்லது க்ளீனரை ஏறச் சொல்லியிருப்பீர்கள். நினைத்துப் பாருங்கள், போன வருடம் ஓணத்துக்கு லோடு ஏற்றும்போது எப்படி இருந்தது?

இதை அளந்து பார்க்க ஒரே வழி ஊதுகிற டெஸ்ட், ஸ்பைரோமெட்ரி. எக்ஸ்ரே எடுத்து "ஒண்ணுமில்லை" என்று அனுப்பிவிட்டார்கள் என்று பலர் வருகிறார்கள். மூச்சுக்குழாய் அடைப்பு ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாது. கொரோனா நேரத்தில் வாங்கிய ஆக்ஸிஜன் மீட்டரை விரலில் மாட்டி 97 காட்டுகிறது என்று நிம்மதியடைவதும் சரியில்லை. அடைப்பு ஓரளவு முற்றும்வரை அதில் எண் இறங்காது, புகைக்கிறவர் மாட்டினால் ரத்தத்தில் ஒட்டியிருக்கிற கார்பன் மோனாக்ஸைடையும் அது ஆக்ஸிஜன் என்றே எண்ணிக் காட்டும்.

டெஸ்ட் இப்படித்தான் இருக்கும். மூக்கில் கிளிப் போடுவார்கள். வாயில் ஒரு குழாய். முடிந்த மட்டும் உள்ளே இழுத்து, வெடித்தாற்போல ஒரே மூச்சில் வெளியே ஊத வேண்டும், ஊதி முடிந்தது என்று தோன்றிய பிறகும் "இன்னும், இன்னும், விடாதீங்க" என்று பக்கத்தில் நிற்கிறவர் விரட்டுவார், குறைந்தது ஆறு விநாடியாவது ஊத வேண்டும், கண் பிதுங்கும், இருமல் வரும், பரவாயில்லை. மூன்று முறை. பிறகு இன்ஹேலர் மருந்து கொடுத்துக் கால் மணி நேரம் உட்காரவைத்து மறுபடி ஊதச் சொல்வார்கள். முதல் ஒரு விநாடியில் வெளியேறிய காற்று, மொத்தமாக வெளியேறியதில் எத்தனை பங்கு என்று பார்ப்பார்கள். மருந்துக்குப் பிறகும் அது 0.70-க்குக் கீழே நின்றால் நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு நோய், டாக்டர்கள் சிஓபிடி என்று எழுதுவது. மருந்துக்குப் பிறகு நன்றாக ஏறிவிட்டால் ஆஸ்துமாப் பக்கம் யோசிப்பார்கள். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியின் நெஞ்சு நோய்ப் பிரிவில் கேளுங்கள். நீங்கள் அடிக்கடி மலை தாண்டுகிறவர், கேரளத்துக் குடும்ப ஆரோக்கிய மையங்களில் இதற்கென்றே 'சுவாஸ்' என்ற பெயரில் கிளினிக் நடத்துகிறார்கள், போகிற வழியில் அங்கேயும் விசாரிக்கலாம்.

நுரையீரல் பழையபடி ஆகுமா என்று கேட்டீர்கள். மழுப்பாமல் சொல்கிறேன். மூச்சுக்குழாயின் வீக்கம், சளி, அந்த மயிரிழைகள், இவை பெருமளவு திரும்பும். கிழிந்துபோன காற்றறைகள் மறுபடி முளைக்காது. எந்த லேகியமும், "நுரையீரலைக் கழுவும் டீ" என்று விற்கிற எதுவும் அதைச் செய்யாது. இதில் பொட்டலத்தில் பெயரில்லாமல் விற்கிற இளைப்புப் பொடிகள் இருக்கிறதே, அவற்றில் ஸ்டீராய்டு கலந்திருந்து, சுகரும் பிரஷரும் ஏறி வருகிறவர்கள் உண்டு. தூதுவளை ரசம் வையுங்கள், ஆடாதொடை போட்டுக் கொதிக்கவைத்துக் குடியுங்கள், தொண்டைக்கு இதமாக இருக்கும், என்ன இருக்கிறது என்று தெரியாத பொடி மட்டும் வேண்டாம்.

ஆனால் இனிமேல் எவ்வளவு இழப்பீர்கள் என்பது உங்கள் கையில் இருக்கிறது, அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. அமெரிக்காவிலும் கனடாவிலும் 5,887 பேரை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது, எல்லோரும் புகைப்பவர்கள், நடுவயதுக்காரர்கள், மூச்சுக்குழாய் அடைப்பு லேசாகத் தொடங்கியவர்கள். 11 வருடம் கழித்து அளந்தார்கள். தொடர்ந்து புகைத்த ஆண்கள், ஒரு விநாடியில் ஊதுகிற காற்றில் வருடத்துக்கு சுமார் 66 மில்லி இழந்தார்கள். தொடக்கத்திலேயே விட்டு, பிறகு தொடாத ஆண்கள் இழந்தது சுமார் 30 மில்லி. வயதாகும்போது புகைக்காதவருக்கும் ஏறக்குறைய அவ்வளவு குறையும். அதாவது இழந்தது இழந்ததுதான், ஆனால் இழக்கிற வேகம் புகைக்காதவரின் வேகத்துக்கு வந்துவிடுகிறது. 51 வயதில் இதன் பொருள் பெரிது. 65 வயதில் வீட்டு மாடியேறி வருகிற மனிதரா, ஆக்ஸிஜன் சிலிண்டர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற மனிதரா என்பதை இந்த 36 மில்லி வித்தியாசம்தான் வருடா வருடம் சேர்ந்து முடிவு செய்கிறது. இதயத்துக்கு லாபம் இன்னும் சீக்கிரம். விட்ட ஒரு வருடத்தில், புகைத்ததால் கூடியிருந்த மாரடைப்பு அபாயம் பாதியாகிவிடும்.

மூச்சு வாங்கும்போது என்ன செய்வது? அடைப்பு உள்ளவருக்கு உண்மையில் கஷ்டம் காற்றை வெளியே விடுவதில்தான். செங்கோட்டை ஸ்டாண்டில் இறங்க வேண்டியவர் இறங்காமல் படியிலேயே நின்றால் ஏறுகிறவருக்கு எப்படி இடமிருக்கும், அதேதான், பழைய காற்று வெளியேறாமல் புதிய காற்று உள்ளே போகாது. அதனால் அவசரமாக உள்ளே இழுக்காதீர்கள். மூக்கு வழியாக இரண்டு எண்ணும் வரை இழுத்து, விசில் அடிப்பது போல உதட்டைக் குவித்து நான்கு எண்ணும் வரை மெதுவாக வெளியே விடுங்கள். வண்டி மேல் ஏறும்போது காலை ஊன்றி உடம்பை மேலே தூக்குகிற அந்த நொடியில் மூச்சை வெளியே விடுங்கள், அடக்கிக்கொண்டு ஏறாதீர்கள். ரொம்ப முட்டினால் பானெட்டில் இரண்டு கையையும் ஊன்றி முன்னால் சாய்ந்து நில்லுங்கள், தோளைத் தளர்த்திவிடுங்கள், இரண்டு மூன்று நிமிடத்தில் ஆசுவாசம் வரும். வராவிட்டால், அல்லது உதடு நீலம் பாரித்தால், ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியாவிட்டால், அது ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நேரம்.

காலைச் சளிக்குக் குத்திக் குத்தி இருமாதீர்கள், தொண்டைதான் புண்ணாகும். நான்கைந்து முறை ஆழமாக மூச்சு விட்டு, பிறகு கண்ணாடியில் ஆவி படிய ஊதுவோமே அப்படி வாயைத் திறந்து "ஹா... ஹா..." என்று வயிற்றிலிருந்து ஊதுங்கள். சளி மேலே வந்த பிறகு ஒரு இருமல் போதும்.

நடக்க வேண்டும், அண்ணாச்சி. மூச்சு வாங்குகிறது என்று நடையைக் குறைக்கிறவருக்குத் தசை தளர்ந்து இன்னும் கொஞ்சம் வாங்கும். பீடியை விட்ட வருடத்தில் நான்கைந்து கிலோ எடையும் கூடும், வண்டியிலேயே உட்கார்ந்திருக்கிறவருக்குக் கேட்கவே வேண்டாம். ஈசிஜி பார்த்து டாக்டர் சரி என்று சொன்ன பிறகு, வாரத்தில் ஐந்து நாள், சமமான ரோட்டில், பேச முடிகிற ஆனால் பாட முடியாத வேகத்தில் பத்து நிமிடத்தில் தொடங்கி அரை மணி நேரத்துக்குக் கொண்டு போங்கள். லோடு இறக்குகிற வரை காத்திருக்கிற நேரம் இதற்கு நல்ல நேரம், முன்பு பீடிக்குப் போன நேரமும் அதுதான்.

இன்ஹேலர் பழகிவிடும் என்பதை எத்தனை முறை கேட்டுவிட்டேன்! மூச்சுக்குழாயை விரிக்கிற சால்பியூட்டமால் மருந்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஒரு மாத்திரையில் 2 அல்லது 4 மில்லிகிராம் மருந்து இருக்கும், ரத்தத்தில் கலந்து உடம்பு முழுக்கச் சுற்றி மீதி கொஞ்சம்தான் மூச்சுக்குழாய்க்குப் போகும். இன்ஹேலரில் ஒரு அழுத்தலில் வருவது 100 மைக்ரோகிராம், அதாவது மாத்திரையில் 20-இல் ஒரு பங்கோ 40-இல் ஒரு பங்கோ, அதுவும் நேராகப் போக வேண்டிய இடத்துக்கே போகிறது. கடைசிக் கட்டத்துக்குத் தருகிற மருந்து என்று நினைத்து முதலில் தர வேண்டியதைத் தள்ளிப்போட்டுவிடுகிறோம். டெஸ்ட் பார்த்து டாக்டர் எழுதினால் தைரியமாக எடுங்கள், ஸ்பேசர் என்கிற குப்பியோடு எடுங்கள், ஸ்டீராய்டு கலந்தது என்றால் எடுத்ததும் வாய் கொப்பளியுங்கள்.

அப்புறம் வீடு. மதினி பீடி சுற்றுவதை நிறுத்தச் சொல்ல எனக்கு உரிமையில்லை, அது அவர்கள் கைக்காசு, பி.எஃப். பணமும் அதில் இருக்கிறது. ஆனால் பூட்டிய அறைக்குள், சாரலுக்குப் பயந்து ஜன்னலையும் சாத்திவிட்டு, சுளகில் தூளைக் கொட்டி மணிக்கணக்காகச் சுற்றினால் அந்தப் புகையிலைத் தூசி இரண்டு பேர் நெஞ்சுக்கும் போகிறது, உங்களுக்கு அந்த வாடையே பீடி ஆசையையும் கிளப்பும். திண்ணையிலோ காற்றோட்டமான தாழ்வாரத்திலோ உட்காரச் சொல்லுங்கள். தூளை மூடி போட்ட டப்பாவில் வையுங்கள். மூக்கை மூடி மெல்லிய துணி. கூட்டும்போது தூசி பறக்காமல் ஈரத்துணியால் துடைப்பது நல்லது. சுற்றி முடித்துக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் அடுப்பங்கரைக்குப் போக வேண்டும். அவர்கள் இருமலும் இரண்டு வாரத்துக்கு மேல் என்றால் சளிப் பரிசோதனை அவர்களுக்கும் உண்டு. ஈர விறகில் வெந்நீர் போடுகிற புகையும் பீடிக்குச் சளைத்ததல்ல, புகைத்தே இராத பெண்களுக்கு சிஓபிடி வருவதில் பெரும்பங்கு அதற்குத்தான். கொசுவத்தியும் அப்படியே. 2003-இல் வந்த ஓர் ஆய்வில், ஒரு சுருள் எரிந்து வெளிவிடுகிற நுண்தூசி 75 முதல் 137 சிகரெட் வெளிவிடுவதற்குச் சமம் என்று அளந்திருந்தார்கள். வீட்டுக்குக் கொசுவலை, வண்டிக்குள் சுருள் கூடவே கூடாது.

வண்டிக் கேபினையும் ஒருநாள் கழுவுங்கள். கேரள உயர் நீதிமன்றம் 1999-லேயே பொது இடத்தில் புகைப்பதைத் தடுத்துவிட்டது, நாடு முழுக்கக் கடுமையான விதிகளோடு அமலுக்கு வந்தது 2008 அக்டோபர் 2-இல். மலைக்கு அந்தப் பக்கம் போனால் கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளேயே பற்றவைக்கிற பழக்கம் நம் டிரைவர்களுக்கு அதிலிருந்தே உண்டு. சீட் உறையிலும் திரையிலும் அந்த வாடை இன்னும் இருக்கும். உறையை மாற்றுங்கள், கூட வருகிறவர் கீழே இறங்கித்தான் குடிக்க வேண்டும் என்று சொல்லிவிடுங்கள்.

ஆரியங்காவு தாண்டி டீக்கடையில் நிறுத்தும்போது ஆசை வந்தால், அது ஐந்து பத்து நிமிடத்தில் அடங்கிவிடும், அந்த நேரத்தைத் தள்ள ஏதாவது வேலை வைத்துக்கொள்ளுங்கள், டயரைத் தட்டிப் பாருங்கள், வீட்டுக்குப் போன் பேசுங்கள். தாங்கவே முடியாவிட்டால் 2 மில்லிகிராம் நிகோடின் சூயிங்கம் வைத்துக்கொள்ளலாம், ஆனால் நெஞ்சு அமுக்கத்துக்கு டாக்டர் பதில் சொல்லிய பிறகு. சாதாரண கம் மாதிரி மென்றுகொண்டே இருக்கக் கூடாது. காரம் தெரிகிற வரை மென்று கன்னத்தில் ஒதுக்கி வைக்க வேண்டும், அடங்கியதும் மறுபடி மெல்ல வேண்டும், டீ குடித்துக் கால் மணி நேரத்துக்குள் போட்டால் சரியாக வேலை செய்யாது. பீடிக் கட்டிலேயே அச்சடித்திருக்கிற 1800-11-2356 இலவச நம்பரில் கூப்பிட்டால் விடுவதற்கு ஆலோசனை சொல்வார்கள்.

முதலில் ஈசிஜியும் மாத்திரைக் கேள்வியும், அவை இரண்டும் இந்த வாரமே. ஊதுகிற டெஸ்டுக்குப் போகும் முன் எந்த மருந்தை எப்போது நிறுத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள், வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் போகாதீர்கள், மதினியையும் கூட்டிப் போங்கள். ஊதிய தாளின் நகல் ஒன்று உங்கள் கையில் இருக்கட்டும். அடுத்த வருடம் சித்திரையில் மறுபடி ஊதிப் பார்த்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். முதல் தாளில் மருந்துக்கு முன், மருந்துக்குப் பின் என்று இருக்கிற எண்களை எனக்கு எழுதி அனுப்புங்கள், மேற்கொண்டு என்ன செய்யலாம் என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.